பாதி உடலும் முழுப் பிழைப்பும்

விபத்தும் நியாயமும் – 7

மோதிய வண்டியின் சொந்தக்காரர் கையில் காசில்லாதவராக இருந்தாலும், அடிபட்டவனுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எவ்விதம் கை கொடுக்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரத்து விஷயம் அதைவிடச் சிக்கலானது. விபத்தில் உயிர் போய்விட்டால், அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நஷ்ட ஈட்டைக் கணக்கிடுவதில் சட்டத்துக்கு இப்போது அதிகத் திகைப்பு இல்லை. உயிர் தங்கி, ஒரு பக்கத்துக் கையும் காலும் மாத்திரம் விழுந்துபோன மனிதனுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி எழும்போதுதான், வைத்தியரும் வக்கீலும் நீதிபதியும் ஒரே சதவிகிதத்தை மூன்று விதமாக வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

பக்கவாதம் என்பது இரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு முதுமையில் வரும் வியாதி என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மண்டையோட்டுக்குள் இரத்தம் கட்டி மூளையை நெருக்கினாலும், மூளையின் திசு நசுங்கினாலும், கழுத்தில் ஏறிச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து ஓட்டம் தடைப்பட்டாலும், இருபது வயது வாலிபனுக்கும் அதே கதி நேரக்கூடும். மூளையிலிருந்து இறங்கி வரும் இயக்க நரம்புகளில் பெரும்பான்மையானவை முகுளத்தின் அடியில் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவதால், வலப்பக்கத்து மூளையில் பட்ட அடி இடது கையையும் இடது காலையும் முடக்குகிறது. இடப்பக்கத்து மூளையில் பட்டதோ, வலது கை, வலது காலோடு பெரும்பாலோருக்குப் பேச்சையும் சேர்த்துப் பறிக்கிறது. பேச்சுக்கும் இடப்பக்கத்து மூளைக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்துக்கு 1861-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர் பால் புரோக்கா காட்டிய ஆதாரம் பிரசித்தமானது.

முதல் சில நாட்கள் துவண்டு கிடக்கும் அங்கம் நாளடைவில் விறைக்கத் தொடங்குகிறது: முழங்கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளும், கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்கள் மூடிக்கொள்ளும், நடக்கும்போது கால் நேராக முன்னே வராமல், பக்கவாட்டில் வீசி அரைவட்டமிட்டு, நுனிவிரல் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்து சேரும். முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே கிடைத்துவிட்டாலும், இனி இவ்வளவுதான் என்று வைத்தியர் அறுதியிட்டுச் சொல்லப் பல சமயம் ஒரு வருஷம்கூட ஆகிவிடுகிறது. சட்டமோ அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் மனுவுக்குக் கெடு இருந்தது. 1994-இல் அது நீக்கப்பட்டது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தமோ, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரலில் அமலுக்கும் வந்துவிட்டது. ஆகவே, கை தேறிவிடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல், மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊனத்தின் அளவைக் காட்டும் சான்றிதழை விசாரணையின்போது தாக்கல் செய்வதே விவேகமான காரியம்.

அந்தச் சான்றிதழில் காணும் சதவிகிதம்தான் எல்லாக் குழப்பத்துக்கும் மூலகாரணம். ஒரு கொத்தனாரைக் கற்பனை செய்துகொள்வோம்: வயது 34, மாத வருமானம் 15,000 ரூபாய், தலையில் பட்ட அடியால் இடப்பக்கம் விழுந்துவிட்டது, மருத்துவக் குழு 60 சதவிகித ஊனம் என்று எழுதிக் கொடுக்கிறது. சொந்தமாகத் தொழில் செய்பவர் நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தால், எதிர்காலத்தில் உயரக்கூடிய வருமானத்துக்காக 40 சதவிகிதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. அதன்படி மாத வருமானம் 21,000 ரூபாய், வருஷத்துக்கு 2,52,000. வயதுக்கேற்ப இதைப் பெருக்க வேண்டிய எண்ணை, வக்கீல்கள் மல்டிபிளையர் என்று சொல்லுவதை, 2009-ஆம் வருஷத்தில் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பு அட்டவணையாகவே தந்திருக்கிறது. 31 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு அது 16. பெருக்கி வருவது 40,32,000 ரூபாய். அறுபது சதவிகிதம் என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கொத்தனாருக்குக் கிடைப்பது 24,19,200 ரூபாய். மிச்சமுள்ள 16,12,800 ரூபாய் சந்தடியில்லாமல் நழுவிப்போகிறது.

அறுபது சதவிகித ஊனமுள்ள கொத்தனார் நாற்பது சதவிகிதச் சுவர் கட்டுவாரா என்று எதிர்க்கட்சி வக்கீலைக் கேட்டால் அவருக்கே பதில் இராது. வலது கையில் கரண்டி பிடித்துச் சாந்தை வாரி வைத்துவிடலாம். இடது கை செங்கல்லை எடுத்துக் கொடுத்தால்தானே வரிசை ஏறும்? தூக்குக்குண்டின் நூலைப் பிடித்து நேர் பார்ப்பதற்கும், சாரத்தில் ஏறிப் பலகைமேல் நிற்பதற்கும் இரண்டு பக்கமும் வேண்டும். இந்த எளிய உண்மையைத்தான் அதே நீதிபதி 2010-ஆம் வருஷத்தில் வேறொரு தீர்ப்பில் விதியாகவே வகுத்தார். உடல் ஊனத்தின் அளவைச் சொல்வது வைத்தியரின் வேலை; அதனால் சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்று முடிவு கட்டுவது தீர்ப்பாயத்தின் வேலை. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான நஷ்டம் ஏறக்குறைய முழுமையாகவே இருக்கக்கூடும் என்றும், அவரே சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் வேலை போகாமலே இருக்கக்கூடும் என்றும் அந்தத் தீர்ப்பு உதாரணம் காட்டியிருக்கிறது. ஓர் அங்கத்துக்குச் சொன்ன சதவிகிதத்தை முழு உடலுக்கும் உரியதாகக் கொள்ளக்கூடாது என்றும், சிகிச்சை செய்யாத வைத்தியர்கள் அவசரமாக எழுதிக் கொடுக்கும் சான்றிதழ்களை எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்றும் அது சொல்வதால், இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் மறக்கலாகாது. பேச்சும் புத்தியும் குறையாமல், அதே சம்பளத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர், இடப்பக்கம் விழுந்துபோனதற்காக வேதனைக்கும் வாழ்க்கைச் சுகங்கள் குறைந்ததற்கும் தனித்தனியே ஈடு கேட்கலாம். வருமானம் முழுவதும் போயிற்று என்று வாதிக்க நியாயம் இல்லை.

குறுக்கு விசாரணையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: “வலது கை நன்றாகத்தானே இருக்கிறது? உட்கார்ந்த இடத்தில் ஏதாவது வேலை செய்யலாமே?” இதற்கு விடை வைத்தியரிடம் இல்லை, கொத்தனாரை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரியிடம் இருக்கிறது. அவர் சாட்சிக் கூண்டில் ஏறி, தினக்கூலி என்ன, மாதத்தில் எத்தனை நாள் வேலை, இந்தத் தொழிலில் உட்கார்ந்து செய்யும் வேலை எது என்று நாலு வார்த்தை சொன்னால், அது ஒரு கட்டுக் காகிதத்துக்குச் சமம். எஃப்.ஐ.ஆரையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கண்ணும் கருத்துமாகப் பாதுகாக்கும் குடும்பங்கள்கூடக் கூலிக்கும் தொழிலுக்கும் சாட்சி தேடாமல் விட்டுவிடுகின்றன. தீர்ப்பாயம் அப்போது ஒரு குத்து மதிப்பான வருமானத்தை வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. அடியிலுள்ள தொகை சுருங்கினால், மேலே பெருக்கும் எண் எதுவானால் என்ன?

இன்னொரு நஷ்டம் கணக்கிலேயே ஏறாமல் போய்விடுகிறது. சட்டைப் பொத்தான் போடவும், சாதத்தைப் பிசைந்து வைக்கவும், கழிப்பறைக்குத் தாங்கிப் போகவும் வீட்டில் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அநேகமாக அது மனைவியாக இருப்பதனால், அவள் போய்க்கொண்டிருந்த சித்தாள் வேலையும் அன்றோடு நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதில் விபத்துக்கு உள்ளாகி நூறு சதவிகித ஊனமடைந்த ஒரு சிறுமியின் வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் உதவியாளர் இருவருக்கான செலவை 18 என்ற எண்ணால் பெருக்கிக் கொடுத்தது. துணைக்கு இருப்பவரின் உழைப்புக்கும் வருமானத்தைப் போலவே ஆயுட்கால மதிப்பு உண்டு என்பதே அதன் தாத்பரியம். ஆனால் மனுவில் கேளாததையும் சாட்சியத்தில் காட்டாததையும் தீர்ப்பில் எதிர்பார்த்துப் பயனில்லை. தன் புருஷனுக்குச் செய்வதைச் சம்பளக் கணக்கில் எழுதுவதாவது என்று கூசும் பெண்ணுக்கு, கேட்கப்படுவது அவளுடைய அன்பின் விலை அல்ல, அவள் இழந்த கூலியும் அவளுக்கு மாற்றாக ஓர் ஆள் வைத்தால் ஆகும் செலவும்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை.

இவ்வளவும் ஒழுங்காக நிரூபித்துத் தொகை தீர்மானமான பிறகு, அது யார் பெயரில், எந்த பாங்கியில், எத்தனை வருஷத்துக்கு டெபாசிட்டாக இருக்க வேண்டும் என்ற பிரச்னை எழுகிறது. அதை அடுத்த வாரம் கவனிப்போம்.

(தொடரும்)