எலி தேடி வந்த ஆந்தைகள்

2004-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குள் வடகாட்டு ஆந்தைகள் திரளாக இறங்கின. வேலிக்கால், மின்கம்பம், சாலையோரப் பலகை என்று எதைப் பார்த்தாலும் அதன்மேல் ஒரு பெரிய சாம்பல் ஆந்தை. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் 5,000-க்கும் மேல் பதிவாயின.

குளிர் தாங்காமல் வந்தவை என்று நினைத்தால் தவறு. கால்விரல் வரை இறகு போர்த்திய பறவைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதன் சாப்பாடு வோல் எனப்படும் குட்டைவால் எலி. வடகாடுகளில் இந்த எலிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல்கிப் பெருகும், பிறகு சட்டென்று அருகிப்போகும். அருகும் ஆண்டில் ஆந்தைக்கு இடம்பெயர்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆளைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிறகை விரித்தால் ஐந்தடி வரை வரும். எடையோ ஏறக்குறைய ஒரு கிலோதான். மீதியெல்லாம் இறகு. பட்டினியைச் சமாளிக்க உடம்பில் பெரிய சேமிப்பு இல்லை.

வேட்டைத் திறமையில் மட்டும் குறை சொல்ல முடியாது. முழங்கால் ஆழப் பனிக்கு அடியில் எலி ஓடும் சத்தம் அதற்குக் கேட்கும். 2022-இல் கிறிஸ்டோபர் கிளார்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு நுட்பத்தைக் காட்டியது. பனியைக் கடந்து வெளியே வரும்போது ஒலி வளைகிறது. பக்கவாட்டிலிருந்து கேட்டால் எலி இருக்கும் இடம் தப்பாகப் படும். அதனால் ஆந்தை நேர் மேலே வந்து, அந்தரத்தில் சிறகடித்து நின்று கேட்டுவிட்டே பாய்கிறது. பனியின் மேல்தோடு ஓர் ஆளைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருந்தாலும் உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

அதே காடுகளில் வாழும் போரியல் என்ற சின்ன ஆந்தைக்கு அந்த பலம் ஏது? 100 முதல் 200 கிராம் எடைதான். மழை பெய்து பனிமேல் உறைந்துவிட்டால், எலி காலடியிலேயே ஓடினாலும் அதற்கு எட்டாது. இத்தனைக்கும் நல்ல நாளில் பிடித்த இரையை மிச்சம் வைக்கத் தெரிந்த பறவை. உறைந்துபோன எலியின் மேல், முட்டையை அடைகாப்பதுபோல உட்கார்ந்து இளக்கித் தின்னும்.

பட்டினிக்குத் தப்பினால் அடுத்த கண்டம் சாலை. ஓரத்துப் புல்லில் எலி இருக்கும், ஆந்தை தாழப் பறந்து குறுக்கே பாயும், கார் வரும். 2004-05 குளிர்காலத்தில் வண்டி மோதிச் செத்தவை ஏராளம். படம் எடுக்கும் ஆசையில் கடையில் வாங்கிய சுண்டெலியைச் சாலையோரம் விட்டு ஆந்தையை வரவழைப்பவர்களும் உண்டு. பசித்த பறவைக்குச் செய்யும் உதவி என்று இதற்கு நியாயம் வேறு.

பனி ஆந்தையின் கதை வேறு. 2013-14-இல் அவை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் படையெடுத்ததற்குக் காரணம் பஞ்சமல்ல, செழிப்பு. அதற்கு முந்தைய கோடையில் வடக்கு கியூபெக்கில் லெம்மிங் எலிகள் கொழித்தன. கூடு நிறைய குஞ்சுகள் பிழைத்தன. இளசுகள் தெற்கே கிளம்பின. பரிசோதித்த பறவைகளில் பல நல்ல கொழுப்போடுதான் இருந்தன. மரமில்லாத தூந்திரத்தில் வளர்ந்தவற்றுக்கு விமான நிலையம் சொந்த ஊர் மாதிரி தெரிந்ததுதான் வினை. விமானத்தில் மோதிவிடும் என்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் மூன்றைச் சுட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், பிடித்து வேறு இடத்தில் விடுவதாக நிர்வாகம் இறங்கிவந்தது. பாஸ்டன் லோகன் விமான நிலையத்தில் நார்மன் ஸ்மித் என்பவர் அதே வேலையை 1981 முதலே செய்துவந்தார்.