கரிசல் பருத்தியும் கைவினைத் தாளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மழை குறைந்த மானாவாரி நிலங்கள். அங்குள்ள கரிசல் மண், பெய்த சிறுமழையையும் தன்னுள் தேக்கிப் பருத்திக்கு ஊட்டுகிறது. பருத்தி நூலாகிறது, நூல் ஆடையாகிறது. கிழிந்த ஆடையோ தாளாக மறுபிறவி எடுக்கவல்லது.

கி.பி. 105ஆம் ஆண்டளவில் சீனாவின் சாய் லூன், மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கொண்டு தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஊறவைத்துக் கூழாக அரைப்பர். கூழ் கரைந்த தொட்டியில் வலைச்சட்டத்தை அமிழ்த்தி மேலே தூக்குவர். நீர் வடிய, இழைகள் வலைமேல் படலமாகத் தங்கும். தூக்கும்போது சட்டத்தைச் சீராக அசைக்கும் கைப்பழக்கமே தாளின் கனத்தை ஒழுங்குபடுத்துகிறது. பின்னர், ஈரப்படலங்களைத் துணிகளுக்கிடையே அடுக்கி, அழுத்தி, உலர்த்துவர். மை பரவாதிருக்கப் பசையூட்டி மெருகிடுவர்.

பசையூட்டும் முன்பே இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது எவ்வாறு? ஈரம் நீங்கும்போது செல்லுலோஸ் இழைகளிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் உருவாகின்றன. பருத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு செல்லுலோஸ் உண்டு. மரத்தில் பாதியளவே உண்டு. மரத்திலுள்ள லிக்னின் நீக்கப்படாத செய்தித்தாள் விரைவில் மஞ்சளாகிறது. பருத்தித்தாள் நெடுங்காலம் நிலைக்கிறது. ஆதலால் நீர்வண்ண ஓவியர் அதனை விரும்புகின்றனர்.

1934இல் காந்தியடிகள் நிறுவிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைவினைத் தாளுக்குப் புத்துயிரூட்டியது. அதன் செயலாளர், தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. உள்ளூர் மூலப்பொருளும் உள்ளூர்க் கைகளும் இணைந்தாலன்றிச் சிற்றூர் செழிக்காது என்பது அவர்தம் கொள்கை. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் அவர் தம் இறுதிக்காலத்தைக் கழித்தார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959இல் தொடங்கிய கைவினைத் தாள் கூடம் இக்கலையை வளர்த்து வருகிறது.

இன்று இத்தொழிலுக்கு இரு இடர்கள் உள்ளன. முதலாவது, பாலியெஸ்டர் கலந்த துணி. அவ்விழைகள் செல்லுலோஸைப் போலப் பிணைவதில்லை. எனவே, தூய பருத்தி வெட்டுத்துண்டுகளையே தேடிப் பிரிக்க வேண்டியுள்ளது. இரண்டாவது, நீர். தாள் செய்ய நீர் மிகுதியாக வேண்டும். வறண்ட நிலத்திலோ ஒவ்வொரு குடமும் அரிது. சட்டத்தினின்று வடியும் நீரை மீண்டும் தொட்டியிலேயே சேர்த்தால் நீரும் மிஞ்சும். அதில் கலந்த இழையும் வீணாகாது. பெய்த மழையைக் காக்கும் கரிசல் மண்ணின் இயல்பைத் தாள் செய்வோரும் கைக்கொண்டால், இக்கலை வறண்ட நிலத்திலும் வாழும்.