சிறு நகரங்களின் குப்பையும் சமூகத்தின் பங்கும்: கொஸ்லந்தையிலிருந்து ஒரு நோக்கு

இலங்கையில் குப்பைப் பிரச்சினை என்றதும் நமது நினைவுக்கு வருவது மீதொட்டமுல்லயே. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில், கொழும்பின் அருகே குவிந்திருந்த அக்குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியதில் 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைநகரின் குப்பை மலையாகக் குவிவதால் அது எல்லோர் கண்ணிலும் படுகிறது. சிறு நகரங்களின் குப்பையோ மலையாகக் குவிவதில்லை. அது கடைவீதியின் பின்புறத்துப் பள்ளத்தில் விழுகிறது. லயத்துக்குப் பின்னால் உள்ள கானில் தேங்குகிறது. மழை வந்ததும் ஓடையோடு போய்விடுகிறது. கண்ணை விட்டு அகன்றதனால் பிரச்சினை தீர்ந்ததென நாமும் எண்ணிவிடுகிறோம்.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்த இத்தகைய சிறு நகரங்களுள் ஒன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக வெல்லவாயவுக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் செல்லும் பிரதான வீதியில், தேயிலை மலைகளுக்கும் வறண்ட சமவெளிக்கும் இடைப்பட்ட சரிவில் அது அமைந்துள்ளது. அதனையடுத்து, ஏறத்தாழ 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது. அந்நீரைக் கொண்டுவரும் புனாகல ஓயா கிரிந்தி ஓயாவின் கிளையாகும். கிரிந்தி ஓயா வெல்லவாயவைக் கடந்து லுணுகம்வெஹர நீர்த்தேக்கத்தை நிரப்பித் தென்கடலில் சேர்கிறது. ஆகவே, இம்மலைச் சரிவின் ஓடையொன்றில் வீசப்படும் பொலித்தீன் பை, கீழே வேறொரு மாவட்டத்து விவசாயியின் வாய்க்காலில் போய் நிற்கக்கூடும். மலையில் வாழ்வோரின் குப்பை மலையோடு முடிவதில்லை.

கொஸ்லந்த என்ற பெயரை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதியாகும். அன்று காலை மீரியபெத்தை தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அந்த அனர்த்தத்துக்குக் குப்பை காரணமென்று நாம் கூறவில்லை. அச்சரிவின் ஆபத்து பற்றி ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்படாமையே அதன் துயரக் கதை. ஆயினும் மலைச்சரிவில் வாழ்வோர் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. மழைநீர் தடையின்றி வடிந்தோடுவதே சரிவுக்குப் பாதுகாப்பு. கான் அடைபட்டால் நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. நீர் ஏறிய மண் கனத்து இளகுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த பெருமழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. சமவெளியில் அடைபட்ட கான் நுளம்பைப் பெருக்கும். மலையில் அது நுளம்பைப் பெருக்குவதோடு நிலத்தையும் நனைத்து வைக்கும்.

நுளம்பின் விளைவையும் நாம் சாதாரணமாகக் கருத முடியாது. 2017 இல் இந்நாட்டில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாகினர். 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். யோகட் கோப்பையும் சிரட்டையும் வீசியெறிந்த டயரும் நீர் ஏந்தும் பாத்திரங்களாகும்போது, குப்பை சுகாதாரப் பிரச்சினையாகிவிடுகிறது.

அப்படியாயின் இக்குப்பையை அகற்ற வேண்டியவர் யார்? நகரத்தின் கடைக்காரர் பிரதேச சபையைச் சுட்டிக்காட்டுவார். தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் நெடுங்காலமாக இயலாதிருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், குப்பையை அகற்றுவதைச் சபையின் கடமையாக்கியது. ஆனால் பெருந்தோட்டக் குடியிருப்புகள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குட்பட்டவை என்பதால், அங்கு சபை நிதியைச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாகக் கருதப்பட்டது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தனர்; சபையின் உழவு இயந்திரமோ தோட்டத்தின் எல்லையில் நின்றது. மறுபுறம், 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்குக் கைமாறியபின் லயத்து வாசலையும் கானையும் துப்புரவு செய்யும் ஏற்பாடுகள் பல இடங்களில் தேய்ந்துபோயின. சபையும் வராத, நிர்வாகமும் பாராத இடைவெளியிலேயே குப்பை சேர்ந்தது. 2018 இல் அந்த 33 ஆம் பிரிவு திருத்தப்பட்டது. இன்று சட்டம் தடையாக இல்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, மக்கள் பிரதிநிதிகளும் மீண்டும் வந்துள்ளனர்.

எனினும், சட்டம் மாறியதனால் மட்டும் லொறி மலையேறிவிடாது. குறுகிய தோட்டப் பாதைகள், சிதறிக்கிடக்கும் லயங்கள், சிறிய சபைகளின் சொற்ப வருமானம், குப்பையைக் கொட்டுவதற்குச் சமதரையின்மை ஆகிய அனைத்தும் தடையாக உள்ளன. இவ்விடத்திலேயே சமூகம் சார்ந்த திண்மக்கழிவு முகாமைத்துவம் பொருள்பெறுகிறது. குப்பையை எல்லாம் அள்ளிச் சென்று ஓரிடத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, அது தோன்றும் இடத்திலேயே பிரித்து, உக்கக்கூடியதை அங்கேயே உரமாக்கி, எஞ்சியதை மட்டும் வெளியே அனுப்புவதே அதன் சாரம்.

இம்முறை ஏன் சாத்தியமாகிறது என்பதைக் குப்பையின் இயல்பே காட்டுகிறது. உலக வங்கி 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெற்காசியாவில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக அரைக் கிலோ அளவில் குப்பையை உருவாக்குகிறார். நம்மைப் போன்ற நாடுகளில் அதன் பெரும்பகுதி மரக்கறித் தோலும் மிஞ்சிய உணவும் இலைகுழையுமே. ஐம்பது குடும்பங்கள் வாழும் லயத் தொகுதியில் 200 பேர் இருப்பதாகக் கொள்வோம். அவர்களது குப்பை நாளுக்கு 100 கிலோவைத் தாண்டாது. அதில் பாதியை உரக்குழி ஏற்றுக்கொண்டால் எஞ்சுவது 50 கிலோ மட்டுமே. அதுவும் உலர்ந்தது, நாற்றமில்லாதது, சாக்கில் கட்டி ஒரு வாரம் வைத்திருக்கத்தக்கது. நாள்தோறும் வரமுடியாத லொறி வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். பிரிக்காத குப்பையில் இது நடவாது. ஈரக்குப்பை கலந்த பிளாஸ்டிக்கை எவரும் வாங்கார். கண்ணாடித்துண்டு கலந்த உரத்தை எவரும் தோட்டத்தில் இடார்.

இதனைச் செய்துகாட்டிய ஊர்கள் உண்டு. கேரளத்தின் ஆலப்புழை நகரம் தனது குப்பையைச் சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டி வந்தது. 2012 இல் அக்கிராம மக்கள் லொறிகளை மறித்தனர். நகரத்தின் வீதிகள் நாறின. வேறு வழியின்றி நகரசபை வீடுகளுக்கு மானிய விலையில் உயிர்வாயுக் கலன்களையும் குழாய் உரக்கலன்களையும் வழங்கியது. இடமில்லாதோருக்காகத் தெருக்களில் பொது உரத்தொட்டிகளை அமைத்தது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பு 2017 இல் முன்மாதிரியாக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்று. டாக்காவில் 1995 இல் வேஸ்ட் கன்சேர்ன் என்ற அமைப்பு, மிர்பூர் பகுதியில் லயன்ஸ் கழகம் கொடுத்த சிறு காணியில் உரம் தயாரிக்கத் தொடங்கியது. வீடுகள் மாதாந்தம் சிறு கட்டணம் செலுத்தின. உரம் பசளைக் கம்பனியூடாக விற்பனையாயிற்று. அவ்வளவு தூரம் செல்லவும் தேவையில்லை. கொஸ்லந்தையின் அதே வீதியில் மேற்கே உள்ள பலாங்கொடை நகரசபை, குப்பையைத் தரம்பிரித்துக் கூட்டெரு தயாரிப்பதில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாகும். மத்திய சுற்றாடல் அதிகாரசபை 2008 இல் ஆரம்பித்த பிலிசரு திட்டத்தின்கீழும் பல சபைகளில் உர நிலையங்கள் அமைந்தன.

அதேவேளை, தோற்ற முயற்சிகளையும் நாம் மறைக்கக்கூடாது. வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்கள் பல, நிதியளித்த நிறுவனம் விலகியதும் படுத்துவிடுகின்றன. காரணங்கள் பெரும்பாலும் மூன்று. மக்கள் பிரித்துக் கொடுத்த குப்பையைச் சபையின் லொறி ஒன்றாகக் கலந்து ஏற்றுவது முதலாவது. அதைக் கண்ணால் கண்ட பெண் மறுநாள் பிரிக்கமாட்டார். உரத்துக்கு வாங்குவோர் இல்லாதிருப்பது இரண்டாவது. திட்டத்துக்கென்றே உருவாக்கப்பட்ட சங்கம் திட்டத்தோடு மறைந்துவிடுவது மூன்றாவது.

இம்மூன்றுக்கும் கொஸ்லந்த போன்ற இடங்களில் விடை உண்டு என்பதே எமது எண்ணம். மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். மலையகத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் இயங்குகின்றன. கோவில் கமிட்டிகள் உள்ளன. நகரத்தில் வர்த்தகர்களும் பள்ளிவாசல் நிர்வாகமும் உள்ளனர். மாதாமாதம் காசு சேர்த்து, கணக்குக் காட்டி, சச்சரவைத் தீர்த்துப் பழகியவர்கள் இவர்களே. புதிய சங்கம் எதற்கு? ஒருவரது மரணத்தின்போது ஒன்றுகூடுவோர், உயிரோடிருப்போரின் சுகாதாரத்துக்காகவும் ஒன்றுகூடலாம். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் சேரும் மேலதிகக் கழிவை எங்கே, எவ்வாறு அகற்றுவது என்பதையும் முன்கூட்டியே இவர்களால் தீர்மானிக்க இயலும்.

உரத்துக்கான சந்தையும் மலையிலேயே உள்ளது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்ட மாதங்களில், நல்ல சேதனப் பசளைக்கு நாடு எவ்வளவு வறியது என்பதை விவசாயிகள் கண்டனர். கூட்டெரு இரசாயனப் பசளைக்கு முழுமையான மாற்றீடாகாது. ஆனால் மழையில் அரிபட்ட மேல்மண்ணுக்கு அது உயிரூட்டும். லயத்தோரத்து மரக்கறிப் பாத்திகளே முதல் வாடிக்கையாளர்கள். தயாரிக்கும் முறையும் எளிது. ஈரமான சமையற்கழிவோடு காய்ந்த இலையையும் சருகையும் அடுக்கி, பிழிந்த துணியளவு ஈரத்தைப் பேணி, வாரம் ஒருமுறை புரட்டினால், குவியல் தானாகவே சூடேறும். 55 பாகை செல்சியசுக்கு மேல் சில நாட்கள் இருந்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். ஊவாவின் மாரி மழைக்கு மேலே தகரக் கூரை அவசியம். குழி ஓடைக்கு அருகிலோ சரிவின் விளிம்பிலோ இருத்தல் கூடாது.

முதலாவது காரணத்துக்கு விடைகூற வேண்டியது சபையாகும். சமூகத்தால் எல்லாவற்றையும் செய்யமுடியாது. குழந்தைகளின் டயப்பர், சுகாதார அணையாடை, உடைந்த மின்குமிழ், மின்கலம், மருந்துக் கழிவு ஆகியவற்றுக்கு உரக்குழி இடமல்ல, அடுப்பும் இடமல்ல. ஈர விறகைப் பற்றவைக்கப் பொலித்தீனைக் கொளுத்தும் வழக்கம் லயத்து அறைகளின் காற்றை நஞ்சாக்குகிறது. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் தாயும் சிறுபிள்ளைகளுமே. இக்கழிவுகளைக் குறித்த நாளில் வந்து ஏற்றிச் செல்வது ஹல்துமுல்ல பிரதேச சபையின் கடமை. உரக்குழிக்கும் சேகரிப்புக் கொட்டகைக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கித் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. பிரித்து வைப்பது மக்களின் கடமை. இம்மூன்றும் வாய்வார்த்தையாக இராமல், எந்த நாளில் எந்தச் சந்திக்கு வாகனம் வரும் என்பது வரை எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கூறாமல் விடமுடியாது. 'சமூகப் பங்களிப்பு' என்ற அழகிய சொல்லின்கீழ், நாள்முழுதும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்ணின் தலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை ஏற்றப்படக்கூடாது. வீட்டில் பிரிப்பது குடும்பத்தில் எல்லோருக்கும் உரியது. பொதுக் குழியைப் பராமரிப்பவருக்குக் கூலி வேண்டும். கையுறையும் சப்பாத்தும் வேண்டும். நகரத்தில் கடைகளிடமிருந்து பெறும் கட்டணத்திலிருந்தும் உர விற்பனையிலிருந்தும் சபையின் மானியத்திலிருந்தும் அதனை வழங்கலாம். குப்பை அள்ளுவோரை இழிவாக நோக்கும் நமது பழைய நோயையும் இத்துடன் களைய வேண்டும்.

பெருந்திட்டம் எதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைவீதியில் ஒரு வரிசைக் கடைகள், தோட்டத்தில் ஒரு லயத் தொகுதி, சபையின் வாரமொருமுறைப் பயணம் ஆகிய மூன்றையும் கொண்டு ஆறு மாதம் செய்து பார்க்கலாம். கான் அடைபடாதிருந்ததா, வாகனம் சொன்ன நாளில் வந்ததா, உரம் பாத்திக்குப் போனதா என்று மக்களே கணக்கெடுக்கலாம். கணக்குச் சரியாக வந்தால் அடுத்த லயம் தானாகக் கேட்டு வரும். வாகனம் வராதுபோனால், அதையே எழுதிக்கொண்டு சபையின் அடுத்த கூட்டத்துக்குச் செல்லலாம். 2018 இற்கு முன்னர், தோட்டத்துக்குச் செலவிடச் சட்டத்தில் இடமில்லையெனச் சபை கூறியிருக்கலாம். இன்று அவ்வாறு கூற இயலாது.