நூலும் பொத்தானும்

சட்டைப் பொத்தானின் துளைகளில் நூலைக் கோத்து, நுனிகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, இரு பக்கமும் விரலில் மாட்டி இழுத்தால் 'விர்ர்' என்று சுற்றும். பெரிய பொத்தான் கிடைக்காத வீடுகளில் சோடா மூடி. கல்லால் தட்டித் தட்டையாக்கி, ஆணியால் இரண்டு ஓட்டை போட்டால் பொம்மை தயார். கடையில் வாங்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, இதை யாரும் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் 2017 ஜனவரியில் 'நேச்சர் பயோமெடிக்கல் என்ஜினியரிங்' என்ற ஆய்விதழில் இதே பொம்மை ரத்தப் பரிசோதனைக் கருவியாக வந்து நின்றது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் நடத்தும் மனு பிரகாஷ், உகாண்டாவின் ஒரு மருத்துவ நிலையத்தில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் விலை உயர்ந்த சென்ட்ரிஃபியூஜ் கருவி ஒன்று கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார். அங்கே மின்சாரம் இல்லை. ரத்தத்தை வேகமாகச் சுழற்றினால் கனமான சிவப்பணுக்கள் வெளிப்புறம் ஒதுங்கும், பிளாஸ்மா உட்புறம் தங்கும். நோயைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிப்பு தேவை. மின்சாரம் இல்லாமல் அவ்வளவு வேகத்துக்கு எங்கே போவது?

பிரகாஷின் குழுவினர் சுழலும் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். யோயோவும் அதில் அடக்கம். அந்தக் குழுவில் இருந்த சாத் பாம்லா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். ஓர் இரவு பொத்தானையும் நூலையும் வைத்து விளையாடிக்கொண்டிருந்தவருக்கு அதன் வேகத்தை அளந்து பார்க்கத் தோன்றியது. அதிவேகக் கேமராவைக் கொண்டுவந்து வைத்தார். நிமிடத்துக்கு 10,000 முதல் 15,000 சுற்று! வீட்டுக் கூரையில் ஓடும் மின்விசிறி சுமார் 350 சுற்றோடு நின்றுவிடும். மிக்ஸியோடு ஒப்பிடும் அளவுக்கான வேகம் இது, வெறும் விரல்களால் வந்தது.

பிறகு காகிதத் தட்டும் நூலும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும் சேர்த்து அவர்கள் செய்த கருவிக்குப் 'பேப்பர்ஃபியூஜ்' என்று பெயர். எடை 2 கிராம், செலவு 20 சென்ட். அதிகபட்சமாக நிமிடத்துக்கு 1,25,000 சுற்றை எட்டியது. ஒன்றரை நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தது, 15 நிமிடத்தில் மலேரியா ஒட்டுண்ணிகளைத் தனியாக்கியது. இந்தப் பொம்மையின் வயதை அவர்களின் கட்டுரை கி.மு. 3300 வரை கொண்டுபோகிறது.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. முறுக்கிய நூலை இழுத்தால் முறுக்கு அவிழும், தட்டு சுழலும். முழுதும் அவிழ்ந்த பிறகும் தட்டு நிற்காது. ஓடிய வேகத்திலேயே நூலை எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் கை தளர வேண்டும். தளர்ந்தால் நூல் முறுக்கின் மேல் முறுக்காகச் சுருண்டு, அடுத்த இழுப்புக்குத் தயாராகும். புதிதாகப் பிடிக்கும் குழந்தைகள் எல்லோரும் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், தட்டு பட்டென்று நின்றுவிடும். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நூல்தான் விரலுக்குச் சொல்லிக் கொடுக்கும். இதன் காணொளியை நூறு முறை பார்த்த குழந்தைக்கும் இந்தத் தாளம் பிடிபடாது.

வீட்டில் செய்ய, பெரிய வளையல் ஒன்றைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். அதை இரண்டு முறை மடித்துப் பிரித்தால் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். காம்பஸ் இல்லாமல் மையம் கண்டுபிடிக்கும் இந்த வித்தைக்கே ஐந்து வயதுக் குழந்தை வாய் பிளக்கும். அந்த வட்டத்தை அட்டையில் ஒட்டி வெட்டி, மையத்திலிருந்து இருபுறமும் அரை சென்டிமீட்டர் தள்ளித் துளையிடுங்கள். துளைகள் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் தட்டு தள்ளாடும். அப்படி ஒன்றையும் வேண்டுமென்றே செய்து காட்டலாம். ஒன்றரை மீட்டர் தடித்த பருத்தி நூல் போதும். தையல் நூல் விரலை அறுக்கும், மாஞ்சா தடவிய பட்ட நூல் கூடவே கூடாது.

தட்டில் பாதிக்கு மஞ்சள், பாதிக்குச் சிவப்பு தீட்டிச் சுழற்றினால் ஆரஞ்சு தெரியும். கண்ணுக்கு முன்னால் நிறங்கள் மாறி மாறி வரும் வேகத்தைப் பார்வை பிரித்தறியாததால் வரும் வேடிக்கை இது. விளிம்பில் பல் பல்லாக வெட்டிவிட்டால் சத்தமே மாறும். சிறிய தட்டு ஒன்றும் பெரிய தட்டு ஒன்றும் செய்து கொடுத்துவிட்டால், எது வேகம் என்ற சண்டையில் ஒரு மாலைப்பொழுது போய்விடும். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று விழிக்கும் பெற்றோர் பழைய அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளலாம்.

சில எச்சரிக்கைகள் உண்டு. சோடா மூடியின் விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கு அட்டைதான். பொத்தானை வாயில் போடும் வயதில் பொத்தானே வேண்டாம். நூலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவும், சுழலும் தட்டைத் தலைமுடிக்கு அருகில் கொண்டுபோகவும் விடக் கூடாது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒருசேர ஒத்துழைக்காது. அப்போது ஒரு முனையை அம்மாவோ தாத்தாவோ பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பிள்ளை பிடிக்கலாம். தாத்தா அவசரப்பட்டு இழுத்தால் தட்டு நின்றுவிடும். "நீங்க சரியா விடல தாத்தா" என்று பேத்தி அதட்டுவாள், அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.