துப்பாக்கி கடத்தியவருக்குக் கடற்படை விருது

எர்ஸ்கின் சில்டர்ஸ் மீது 1922 நவம்பரில் அயர்லாந்தின் ராணுவ நீதிமன்றம் சுமத்திய குற்றம், ஒரு சின்னக் கைத்துப்பாக்கியை வைத்திருந்தார் என்பதுதான். அதை அவருக்குக் கொடுத்தவர் மைக்கேல் காலின்ஸ். சில்டர்ஸைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிய அதே அரசுக்கு, மூன்று மாதம் முன்பு சுட்டுக்கொல்லப்படும்வரை தலைவராக இருந்தவர்!

சில்டர்ஸ் 1870-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஆங்கிலேயர், இலங்கையில் அதிகாரியாக வேலை பார்த்துத் திரும்பியபின் பாலி–ஆங்கில அகராதி தொகுத்தவர். அம்மாவுக்கு அயர்லாந்தின் விக்லோ. அப்பாவைக் காசநோய் கொண்டுபோனதும் பிள்ளைகள் தாய்வழிச் சொந்தங்களான பார்ட்டன் குடும்பத்தின் வீட்டில் வளர்ந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் படிப்பு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுத்தர் வேலை. போயர் போருக்குத் தாமாகவே முன்வந்து போனார். 1903-ல் 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்' நாவலை எழுதினார். கடல்வழியே இங்கிலாந்துக்குள் புகுவதற்கு ஜெர்மனி போடும் ரகசியத் திட்டம்தான் கதை. இவரைவிட ராஜபக்தியான ஆளை லண்டனில் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.

அந்த மனிதர்தான் 1914 ஜூலை 26 அன்று டப்ளின் அருகே ஹௌத் துறைமுகத்தில் 'ஆஸ்கார்ட்' என்ற பாய்மரப் படகைக் கொண்டுவந்து கட்டினார். மாமனார் தந்த கல்யாணப் பரிசு அந்தப் படகு. உள்ளே ஜெர்மனியில் வாங்கிய 900 மௌசர் துப்பாக்கிகள், பிரிட்டனிடம் சுயாட்சி கேட்ட அயர்லாந்துத் தொண்டர் படைக்காக. அறை முழுக்க ஆயுதம். அதன்மேலேயே மெத்தையைப் போட்டுப் படுத்து வந்திருந்தார்கள். மனைவி மோலியும் உடன் வந்தார். சிறுவயது விபத்தில் கால் ஊனமானவர் அவர்.

சில நாளிலேயே உலகப் போர் மூண்டது. சில்டர்ஸ் நேரே பிரிட்டிஷ் கடற்படையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபன் மீது நடந்த விமானத் தாக்குதலில் பங்கேற்றார், பின்னர் வீர விருதும் வாங்கினார். சின்ன நாடுகளின் உரிமைக்கான போர் என்று அப்போது அவர் நம்பினார். அயர்லாந்தும் சின்ன நாடுதானே!

போர் முடிந்ததும் முழுக்க அயர்லாந்து விடுதலைப் பக்கம் வந்துவிட்டார். 1921-ல் லண்டன் பேச்சுவார்த்தைக்குப் போன அயர்லாந்துக் குழுவுக்கு அவரே செயலாளர். வந்த உடன்படிக்கையில் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் இருந்தது, அவர் ஏற்கவில்லை. அந்தக் குழுவின் தலைவர் ஆர்தர் கிரிஃபித் அவரை ஆங்கிலேயன் என்று அயர்லாந்து நாடாளுமன்றத்திலேயே ஏசினார். சர்ச்சிலோ துரோகி என்றார். உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் வெடித்தபின், தான் வளர்ந்த வீட்டிலேயே பிடிபட்டார்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே நவம்பர் 24 அன்று சுட்டார்கள். சுடவந்த சிப்பாய்கள் ஒவ்வொருவருடனும் கைகுலுக்கிவிட்டுத்தான் நின்றார். அதற்குமுன் 16 வயது மகனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தார்: மரண உத்தரவில் கையெழுத்திட்டவர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்க வேண்டும்.

அந்த மகன் எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸும் லண்டனில் பிறந்தவர்தான். 1973-ல் அயர்லாந்து மக்கள் அவரைத் தங்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.