எண் எழுதிய பாறைகள்

பாரிஸ் நகருக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது ஃபோன்டேன்ப்ளோ காடு. மரங்களுக்கிடையே வீட்டளவும் யானையளவுமாக மணற்கல் பாறைகள். பலவற்றில் சின்ன அம்புக்குறியும் எண்ணும் வர்ணத்தில் தீட்டியிருக்கும்.

அந்த எண் வரிசைப்படி ஒவ்வொரு பாறையாக ஏறி இறங்க வேண்டும். கயிறு கிடையாது! விழுந்தால் தாங்க, கீழே ஒரு தடித்த மெத்தை. இதுதான் போல்டரிங்.

இங்கே முதல் வரிசை அமைந்தது 1947-ல். மஞ்சள் வர்ணம் என்றால் எளிது. ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கறுப்பு எனக் கடினம் கூடிக்கொண்டே போகும். குழந்தைகளுக்கென்றே வெள்ளை வரிசைகளும் உண்டு. தாத்தாவும் பேத்தியும் ஒரே நாளில், ஒரே காட்டில், அவரவருக்கு ஏற்ற பாறையில் ஏறலாம்.

எந்த வயதுவரை? சுவிட்சர்லாந்தின் மார்செல் ரெமி, ஆல்ப்ஸ் மலையில் 'கண்ணாடி' எனப் பெயர்பெற்ற, 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சுண்ணாம்புப் பாறைச் சரிவில், தம் மகன்களோடு கயிறு கட்டி ஏறியது 2017-ல். அப்போது அவருக்கு வயது 94.

ஃபோன்டேன்ப்ளோவில் மழை பெய்துவிட்டால் மட்டும் பாறை காயும்வரை காத்திருக்க வேண்டும். ஈர மணற்கல்லில் கைப்பிடி எளிதில் உடைந்துவிடும்.