ராத்திரிக் கூத்தும் ராத்திரி மாத்திரையும்

பங்குனி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி மாவட்டம் ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்துக் கூத்துக்காரர்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஆடி வரைக்கும் இதே ஓட்டம்தான். பத்து மணிக்கு மேல் களரி கூடினால், மத்தளம் ஓயும்போது பொழுது விடிந்திருக்கும். வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கிடைத்த வண்டியில் ஏறி, அடுத்த ஊர்க் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ துண்டை விரித்துப் படுப்பார்கள். உச்சி வெயில் நேரம்தான் அவர்களுக்கு நடுநிசி.

இந்த நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாத்திரையைப் பற்றி யோசித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் இலவசமாகத் தரும் கூட்டு மருந்தில், பல ஆண்டுகள் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து சேர்ந்திருந்தது. படுக்கப்போகும் முன் போடவேண்டிய மாத்திரை அது. பலருக்குத் தலை கிறுகிறுக்கும், கண்ட கண்ட கனவெல்லாம் வரும். தூங்கிவிட்டால் அந்தக் கிறுகிறுப்பு தெரியாமலே கழிந்துவிடும் என்பதால்தான் ராத்திரியில் போடச் சொன்னார்கள். வயலுக்குப் போய் வருகிறவர் ஒன்பது மணிக்கு விழுங்கிவிட்டுப் படுத்துவிடலாம். அதே ஒன்பது மணிக்கு முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? விழுங்கினால், தலையில் கிரீடமும் தோளில் புஜக்கட்டையுமாகச் சுற்றி ஆடும்போது தரை நழுவும். தள்ளிப்போட்டால், விடியற்காலை அசதியில் மறந்துபோகும். நாலு நாள் இப்படித் தவறினால் மருந்துக்கு அடங்காத கிருமி உடம்புக்குள் வளர வழி திறந்துவிடும்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தையில்லை. “நீங்க எப்போ தூங்குவீங்க?” என்று ஆலோசகர் கேட்டிருந்தால் போதும். காலையில் படுக்கும்போது போடச் சொல்லியிருப்பார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க, எதிரில் உட்கார்ந்திருப்பவர் கூத்தாடுகிறவர் என்பது தெரியவேண்டும். கூத்து என்றால் விடிய விடிய என்பதும் தெரியவேண்டும். 2020க்குப் பிறகு டோலுடெக்ராவிர் சேர்ந்த மருந்து பரவலாக வந்துவிட்டது. அதை எந்த நேரத்திலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. மாத்திரையின் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கலைஞரின் வாழ்க்கையை விசாரிக்காமலே மருந்து கொடுக்கும் பழக்கம் தீர்ந்ததா என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் எச்.ஐ.வி.க்கும் நம் கலைகளுக்கும் உள்ள உறவு பழையது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் முதல் தொற்றைக் கண்டறிந்தார்கள். நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. செய்தியை ஊருக்குள் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டபோது கரகாட்டம், ஒயிலாட்டம், பறை, தெருக்கூத்து எல்லாவற்றையும் துணைக்கு அழைத்தார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம், சந்தை மேட்டில் ஒரு மணி நேரம். ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று விளம்பரச் சுவர்கள் கேட்ட அதே காலத்தில், கூத்தின் கோமாளியான கட்டியங்காரனும் அதைத் தன் பாணியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

கட்டியங்காரனை அழைத்தது மிகச் சரியான முடிவு. ராஜாவையே கிண்டல் செய்ய உரிமை பெற்றவன் அவன். ஆணுறை என்ற சொல்லை மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவன் வாயால் சொல்லலாம், யாரும் எழுந்து போகமாட்டார்கள். மருத்துவர் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அந்தக் காலத்துப் பிரசாரத்தில் ஒரு பெரும் பிழையும் இருந்தது. மண்டை ஓடு, எலும்புக்கூடு, பாசக்கயிற்றோடு எமன். பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்ற கணக்கு. பயந்தார்கள், உண்மைதான். நோயைக் கண்டு பயந்ததைவிட நோயாளியைக் கண்டு அதிகம் பயந்தார்கள். ஊர் ஊராக எமன் வேஷம் கட்டியவர்களில் யாருக்காவது தொற்று இருந்திருந்தால், தன் தீர்ப்பைத் தானே பாடி ஆடியிருப்பார். அதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஒரு ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வேஷ அறைக்குள் போய்ப் பார்த்தால் இந்தப் பயம் எங்கே வந்து உட்காரும் என்பது புரியும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்தவை. ஜமாவுக்குப் பொதுவானவை. நேற்று துரியோதனனின் வியர்வையில் ஊறிய கட்டையை இன்று கர்ணன் கட்டுவார். அரிதாரக் கிண்ணம் கைமாறும். ஒருவருக்குத் தொற்று இருப்பது கசிந்தால், சக நடிகரின் கை அந்தக் கிரீடத்தைத் தொடத் தயங்கும். வியர்வையால் எச்.ஐ.வி. பரவாது, எச்சிலால் பரவாது, அரிதாரத்தால் பரவவே பரவாது. ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம், கட்டுகிறவர்கள் தினமும் முகம் மழிக்கவேண்டியிருப்பதால் ஆளுக்கொரு பிளேடு வைத்துக்கொள்வது மட்டும் அவசியம். அது எல்லாருக்குமான சுகாதாரம். மருந்தை ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. ஊருக்கெல்லாம் எய்ட்ஸ் கூத்து ஆடிய ஜமாக்களுக்கு இந்தக் கடைசிச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

இந்தப் பயம் ஒரு சமூகத்தின் மேலேயே படிந்த கதையும் இங்கே உண்டு. ரிஷிவந்தியத்து இறைவன், ஆணும் பெண்ணும் ஓருடலான அர்த்தநாரீஸ்வரர். தேனபிஷேகத்தின்போது லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் கூவாகமும் இருக்கிறது. சித்திரையில் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அரவானின் களப்பலிக்குப் பின் தாலியறுத்து அழும் திருநங்கைகளைப் பற்றி வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கூடும் இடம் என்பதாலேயே பரிசோதனை முகாமும் ஆணுறை விநியோகமும் எய்ட்ஸ் விழிப்புணர்வு மேடையும் ஆண்டுதோறும் அங்கே வந்துவிட்டன. அதனால் உயிர்கள் பிழைத்தன, மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு சமூகத்தையே ஒரு கிருமியின் பெயரால் பார்க்கும் கண்ணையும் அது பொதுமக்களுக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் கண்ணுக்கு நேருக்கு நேர் நின்று பதில் சொன்னது கலைதான். நாடக இயக்குநர் அ. மங்கையோடு சேர்ந்து திருநங்கைகள் கண்ணாடி கலைக்குழுவாக மேடையேறித் தங்கள் கதையைத் தாங்களே நடித்தார்கள். பின்னாளில் லிவிங் ஸ்மைல் வித்யாவும் நண்பர்களும் பன்மை நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அடுத்தவர் எழுதிக் கொடுத்த விழிப்புணர்வு வசனத்தைப் பேசுவது வேறு, தன் உடம்பைத் தானே பேசுவது வேறு.

கடல் கடந்தும் இதே பாதையில் நடந்திருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கம் இருக்கிறதே, அந்தச் செஞ்சுருளை 1991-ல் உருவாக்கியது நியூயார்க்கில் விஷுவல் எய்ட்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த கலைஞர்கள். தங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளாமல், காப்புரிமையும் கேட்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே அமைப்பு 1994 முதல், தொற்றுள்ள ஓவியர்களின் படைப்புகளைப் படமெடுத்துச் சேகரித்துவருகிறது. வண்ணமும் துணியும் வாங்கப் பணமும் கொடுத்தது. கலைஞர் போனபின் அவர் வரைந்ததெல்லாம் குப்பைக்குப் போய்விடக்கூடாது என்ற துடிப்பிலிருந்து வந்த வேலை அது. தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவில் 2002-ல் தொற்றுள்ள பெண்கள் தரையில் விரித்த தாளில் படுத்துக்கொண்டு, தங்கள் உடம்பின் கோட்டை ஆளுயரத்துக்கு வரைந்து, தழும்பையும் கிருமியையும் மருந்தையும் உள்ளே தீட்டினார்கள். மேற்கு வங்கத்தின் நயா கிராமத்துப் பட்டுவாக்கள் எய்ட்ஸ் கதையைச் சுருள் ஓவியமாக எழுதி, பிரித்துக் காட்டியபடியே பாடுகிறார்கள்.

தொற்றுள்ள நம் கூத்துக்காரருக்கு வண்ணமும் துணியும் பிரச்சினை இல்லை. சீசனுக்கு முன்பே ஜமா உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருப்பார். படுத்துவிட்டால் அது கடனாக நிற்கும். மாதாந்திர மருந்துக்கு ஏ.ஆர்.டி. மையம் போனால் ஒரு பகல் தூக்கம் போகும். எங்கே போனாய் என்ற கேள்விக்கு ஒரு பொய் தேவைப்படும். 2020, 2021 ஊரடங்கு இரண்டு சீசன்களை விழுங்கியதில் பட்ட கடனே இன்னும் பலருக்கு அடையவில்லை.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தொற்றைக் காரணம் காட்டி யாரும் அவருடைய தொழிலை மறுக்கக்கூடாது. அவர் சம்மதமில்லாமல் தொற்றை வெளியில் சொல்லவும் கூடாது. உடல்நிலை சீராக உள்ளவர்களுக்கு ஒரே தவணையில் பல மாத மருந்து கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. மாசியிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் சீசனின் பெரும்பகுதி அலைச்சலில்லாமல் ஓடிவிடும். சந்தேகம் கேட்க 1097 என்ற கட்டணமில்லா எண் உண்டு, பெயர் சொல்லவேண்டியதில்லை.

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்கு ஜமாக்களை அழைக்கத் தெரிந்த அதிகாரிகள், மாசி மாதத்திலும் ஒருமுறை அவர்களை அழைக்கட்டும். கலைஞர் நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு தனி அறை இருக்கட்டும். உள்ளே ஒரு ஆலோசகர் உட்கார்ந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொண்டை, முழங்கால் என்று எல்லாவற்றோடும் சேர்த்து எச்.ஐ.வி.யையும் விசாரிக்கட்டும். வருகிறவர் எதற்காக உள்ளே போனார் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாதபடி.